நல்லாத்தானே நடக்கிறார், முகம் மட்டும் தெரியாதா?

"எதிர்லதான் வந்தேன். நல்லா பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க." கண் மருத்துவமனையின் குறைபார்வைப் பிரிவில் வேலை செய்யும் என்னிடம் நோயாளிகளைவிட அதிகமாகப் புகார் சொல்வது கூட வரும் சொந்தக்காரர்கள்தான். அந்தப் புகார்களில் முதலிடம் இதற்கு. நாத்தனார் சொல்வார், சம்பந்தி சொல்வார், சில குடும்பங்களில் இதை வைத்தே பேச்சு நின்றுபோயிருக்கும். கல்யாண வீட்டில் கண்டும் காணாத மாதிரி போன அதே அம்மா படியில் தடுமாறாமல் இறங்குகிறார், தரையில் மின்னும் சேஃப்டி பின்னைக் குனிந்து எடுக்கிறார். அப்புறம் கண் தெரியவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

நம்பத்தான் வேண்டும். விழித்திரையின் நடுவில் ஏறக்குறைய ஐந்தரை மில்லிமீட்டர் அகலத்துக்கு ஓர் இடம் இருக்கிறது, அதுதான் மாகுலா. படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, பஸ் நம்பர் பார்ப்பது, முகத்தை அடையாளம் காண்பது எல்லாம் அந்தச் சின்ன இடத்தின் வேலை. அது பழுதானாலும் சுற்றியுள்ள விழித்திரை நன்றாகவே இருக்கும், அதனால் நடக்கலாம், கதவு நிலையில் இடித்துக்கொள்ளாமல் போகலாம், ஓரத்தில் பளிச்சென்று தெரியும் பின்னையும் எடுக்கலாம். நேராகப் பார்த்தால் மட்டும் உங்கள் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கலங்கல். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் ஓரப்பார்வையில் ஓரளவு பிடிபடும், அதனால்தான் அவர் முகத்தைத் திருப்பினார். நீங்கள் கோபித்துக்கொண்ட அந்தத் திருப்பல் உங்களைப் பார்ப்பதற்காகச் செய்தது. இதைப் பழக்கிக் கொடுப்பதே எங்கள் சிகிச்சையில் ஒரு பெரிய பகுதி.

வீட்டில் செய்யவேண்டியது எளிது. கிட்டே போனதும் "அத்தை, நான் செல்வி வந்திருக்கேன்" என்று பெயரைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். எதிரில் நின்றுகொண்டு "நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள், தயவுசெய்து.

வயதானவர்களுக்கு வரும் மாகுலா தேய்மானம், சர்க்கரை நோயால் வரும் மாகுலா வீக்கம், அதிக மைனஸ் பவர் உள்ளவர்களுக்கு வரும் பாதிப்பு, இளம் வயதிலேயே பரம்பரையாக வரும் ஸ்டார்கார்ட் என்று இதில் பல வகை உண்டு. நம் ஊரில் எல்லாவற்றையும் 'புரை' என்ற ஒரே கணக்கில் போட்டுவிடுகிறோம். புரை ஆபரேஷன் முடிந்தும் தெரியவில்லையே என்று டாக்டரைத் திட்டுபவர்களும், வருடத்துக்கு நாலு கண்ணாடி மாற்றுபவர்களும் இந்தக் கூட்டத்தில் நிறைய. வயதால் வருவதில் பெரும்பாலானவை உலர் வகை, மெதுவாக நகரும். ஈர வகையில் விழித்திரைக்கு அடியில் வேண்டாத ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசியும், சில வாரங்களிலேயே பார்வையைக் கொண்டுபோய்விடும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் கம்பியையோ மாதக் காலண்டர் கட்டத்தையோ பாருங்கள், அப்புறம் அடுத்த கண். நேர்க்கோடு வளைந்தோ நெளிந்தோ தெரிந்தால் பொங்கல் கழியட்டும், பேரன் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் உடனே விழித்திரை மருத்துவரிடம் போய்விட வேண்டும். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் நல்ல கண் ஈடுகட்டிவிடும், கோளாறு தெரியாது.

ஈர வகைக்குக் கண்ணுக்குள் போடும் ஊசி இருக்கிறது. விலை குறைந்த பெவாசிசுமாப் மட்டமானது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: அமெரிக்காவில் அதையும் விலை அதிகமான ராணிபிசுமாபையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2011-ல் வெளியானது, பார்வைக்குக் கிடைத்த பலனில் இரண்டும் ஏறக்குறைய சமம். உங்களுக்கு எது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். என் கவலை வேறு. மூன்று ஊசி போட்டும் பேப்பர் படிக்க முடியவில்லை, மகனுக்கு லீவும் கிடைக்கவில்லை, விட்டுவிட்டோம் என்பார்கள். மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் அந்த ஊசி என்று முதல் நாளே யாராவது உட்கார்ந்து சொல்லியிருந்தால் பாதிப் பேர் நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

அடுத்தது அந்த வாக்கியம்: "இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது." மருத்துவர் சொல்ல வந்தது மருந்தாலோ ஆபரேஷனாலோ இனிப் பயனில்லை என்பதை மட்டும்தான். நோயாளியின் காதில் விழுவது வேறு, வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகிறார். அந்த இடத்தில் நீங்கள் கேட்கவேண்டியது, "குறைபார்வைப் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்க டாக்டர்." மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் இந்தப் பிரிவு இருக்கிறது. கேட்காமல் பல நேரம் அனுப்ப மாட்டார்கள், கூட்டம் அப்படி.

அங்கே அதிசயமெல்லாம் நடக்காது. உருப்பெருக்கிக் கண்ணாடி தருவோம், கையில் பிடிப்பது சில நூறு ரூபாயிலேயே கிடைக்கும். பிளஸ் 10 பவர் கண்ணாடி போட்டால் புத்தகத்தைப் பத்து சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துத்தான் படிக்க முடியும், மூக்கை உரசுகிற மாதிரி இருக்கும். "கிட்ட வெச்சுப் படிச்சா கண்ணு கெட்டுடும்" என்று வீட்டில் பிடுங்கிவிடுவார்கள். கெடாது. டிவிக்குக் கிட்டே உட்கார்ந்தாலும் கெடாது. மற்றபடி, வெள்ளைத் தட்டில் இட்லி வைத்தால் தெரியாது, கரும்பச்சைத் தட்டில் வைத்தால் தெரியும். எவர்சில்வர் தட்டு விளக்கொளியில் கண்ணைக் கூசவைக்கும். கேஸ் அடுப்பின் திருகில் 'சிம்' வரும் இடத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினால் விரலே பார்த்துக்கொள்ளும். கறுப்பு அட்டையில் ஒரு வரி அளவுக்கு வெட்டி எடுத்துப் பக்கத்தின்மேல் வைத்தால் வரி தவறாது. நான் பார்த்தவரை விலை அதிகமான கருவிகளைவிட இவைதான் வருடக்கணக்கில் பயன்பாட்டில் இருக்கின்றன.

பிள்ளைகளின் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு அதிகக் கோபம் வருவது இங்கேதான். ஸ்டார்கார்ட் பெரும்பாலும் பள்ளி வயதில் தலைகாட்டும். ஆரம்பத்தில் விழித்திரை பார்க்கக் கிட்டத்தட்ட இயல்பாகவே இருக்கும், கண்ணாடிக் கடையிலும் பவர் பிடிபடாது. 'படிக்கக் கள்ளத்தனம்' என்று பட்டம் கட்டி அடி வாங்கிய பிறகே எங்களிடம் வந்து சேர்கிற பிள்ளைகள் உண்டு. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் பெரும்பாலும் இந்த நோய் வரும், சொந்தத்தில் கல்யாணம் செய்தால் அந்த வாய்ப்பு கூடும். இதில் ஒருவரைக் குற்றவாளி ஆக்குவதால் பயனில்லை, தம்பி தங்கையையும் கூட்டிவந்து பரிசோதியுங்கள். இன்னொன்று, கண்ணுக்கு நல்லது என்று வைட்டமின் ஏ மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்த நோயில் அது விழித்திரையில் கழிவுப்பொருள் சேர்வதைக் கூட்டக்கூடும். கேரட்டும் கீரையும் சாப்பாட்டில் வழக்கம்போல் இருக்கட்டும்.

பள்ளியில் கேட்டுப் பெறவேண்டியவை உண்டு: பெரிய எழுத்தில் கேள்வித்தாள், போர்டைப் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்க அனுமதி, தேர்வில் கூடுதல் நேரம். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் என்று மத்திய அரசு 2018-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. இதற்கெல்லாம் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வேண்டும், பெற்றோர் தயங்குவதும் அங்கேதான். "நாளைக்கு யார் பொண்ணு கட்டுவாங்க?" எனக்குப் பதில் தெரியாத கேள்வி, ஆனால் அந்தப் பையன் ப்ளஸ் டூ தாண்டவேண்டியது அதற்கு முன்னால் வருகிறதே.

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் முழுப் பார்வையிழப்பை மட்டும் சொல்லவில்லை, குறைபார்வையையும் சேர்த்தே சொல்கிறது. கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணின் பார்வை 6/18-க்குக் கீழே இருப்பது அந்த வரையறையில் முக்கியமானது. 6/18 என்றால் மற்றவர்கள் 18 மீட்டரிலிருந்து படிப்பதை நீங்கள் 6 மீட்டரில் நின்றால்தான் படிக்க முடியும். நல்ல கண் என்பதைக் கவனியுங்கள். ஒரு கண் மட்டும் போனால் 30 சதவீதம்தான் தருவார்கள், பெரும்பாலான சலுகைகளுக்குத் தேவையான 40-ஐ எட்டாது. யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஆன்லைனில் விண்ணப்பித்துவிட்டுப் பரிசோதனைக்குப் போகும்போது ஓசிடி ஸ்கேன் (விழித்திரையை அடுக்கடுக்காக எடுக்கும் படம்), பார்வைப்புலச் சோதனை (சுற்றிலும் எவ்வளவு தூரம் தெரிகிறது என்பது) எல்லாவற்றின் முடிவுகளையும் கொண்டுபோங்கள். யார் துணையும் இல்லாமல் விறுவிறுவென்று நடந்து போகிறவரைப் பார்த்ததும் அங்கேயும் சந்தேகம் வரும். கோபப்படாமல் காகிதத்தை நீட்டுங்கள்.

வங்கியில் கையெழுத்து மாறிப்போகிறது என்று சொல்லி செக் புத்தகம் தர மறுப்பார்கள். பார்வைக் குறைபாட்டைக் காரணம் காட்டி செக் புத்தகம், ஏடிஎம், லாக்கர் எதையும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008-லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது, அதைச் சொல்லி எழுத்தில் பதில் கேளுங்கள். ரிசர்வ் வங்கியிடமே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 200 ரூபாய் நோட்டுக்கும் 500-க்கும் நீளத்தில் வித்தியாசம் வெறும் 4 மில்லிமீட்டர். ஓரத்தில் தடவிப் பார்க்கச் சாய்கோடுகள் இருக்கின்றன, 500-ல் ஐந்து, 200-ல் நான்கும் நடுவே இரண்டு வட்டமும். கசங்கிய நோட்டில் எழுபது வயது விரலுக்கு அது எப்படிப் பிடிபடும்? நோட்டின் மதிப்பைச் சொல்லும் 'மணி' என்ற செயலியை 2020-ல் வெளியிட்டார்கள், சரி, காய்கறிக் கடையில் கியூவில் நின்றுகொண்டு யார் அதைத் திறப்பது?

பலர் கடைசிவரை வெளியே சொல்லாத ஒன்று இருக்கிறது. அங்கே இல்லாதவை கண்ணுக்குத் தெரியும்: வாசலில் பட்டுப்பாவாடை கட்டிய பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது தெரியும், சுவர் முழுக்கப் பூவேலை தெரியும், சத்தம் ஏதும் இருக்காது. சார்ல் போனே என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் பார்வை மங்கிய தன் தாத்தாவுக்கு இப்படி நடந்ததை 1760-ல் எழுதிவைத்தார், அவர் பெயரிலேயே இது அழைக்கப்படுகிறது. கண்ணிலிருந்து செய்தி வராதபோது மூளை தானாகவே படங்களை உருவாக்கிக்கொள்கிறது. பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போவார்கள் என்ற பயத்தில் மூச்சு விட மாட்டார்கள், நாமாகவே "இல்லாதது ஏதாச்சும் தெரியுதாம்மா?" என்று கேட்கவேண்டும். லைட்டைப் போடுவது, கண்ணை இடவலமாக வேகமாக அசைப்பது, எழுந்து வேறு அறைக்குப் போவது பலருக்கு உதவுகிறது. குரல்களும் கேட்டாலோ, குழப்பமோ மறதியோ சேர்ந்திருந்தாலோ அது வேறு, மருத்துவரிடம் காட்டவேண்டும்.

பிரிட்டனில் மாகுலா நோயாளிகளுக்கென்றே 1987-ல் ஒரு சங்கம் தொடங்கினார்கள், ஊர் ஊராகக் குழுக்கள் கூடுகின்றன. நம்மிடம் அந்த அளவுக்கு இல்லை என்றாலும் ஊசி போடும் நாளில் காத்திருக்கும் பெஞ்ச் இருக்கிறதே. பக்கத்தில் இருப்பவரிடம் பேசுங்கள், நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களிடம் வருபவர்கள் சிலர் இப்படித்தான் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார்கள். எந்த டெய்லர் ஊசியில் நூல் கோத்துத் தருவார், எந்த அலுவலகத்தில் எந்த ஜன்னல் என்று சகலமும் அங்கே ஓடுகிறது. எழுத்து மெசேஜ் கூடாது, குரல் பதிவு மட்டும் என்பது குழுவின் விதி, அதை மீறுவது நான் ஒருத்தி மட்டும்தானாம்.