ரூப்ரிக்: தமிழில் என்ன சொல்வது?

கல்லூரி ஒப்படைப்புகளை மூடில் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் திருத்துகிறவர்கள் அடிக்கடி சொல்லும் சொல் ரூப்ரிக். ஒரு கட்டுரையில் எதையெல்லாம் பார்க்கிறோம், ஒவ்வொன்றும் எந்தத் தரத்தில் இருந்தால் எத்தனை மதிப்பெண் என்று கட்டம் போட்டுக் காட்டும் அட்டவணை அது.

லத்தீனில் ‘ரூபெர்’ என்றால் சிவப்பு, ‘ரூப்ரிக்கா’ என்றால் செங்காவி. ரோமானியச் சட்ட ஏடுகளில் தலைப்புகளைச் சிவப்பில் எழுதினார்கள். தலைப்புக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு கத்தோலிக்கப் பூசை நூல்களில் குருவானவர் சொல்ல வேண்டியதைக் கறுப்பிலும் செய்ய வேண்டியதைச் சிவப்பிலும் எழுதினார்கள். அந்தச் சிவப்பு வரிகள் ரூப்ரிக். ‘இப்படிச் செய்’ என்ற விதி ‘இப்படி மதிப்பிடு’ என்று மாறியது 20ஆம் நூற்றாண்டில்தான். வாத்தியாரின் சிவப்பு மைக்கும் இதற்கும் உறவில்லை.

‘விடைக்குறிப்பு’ இதற்குப் பொருந்தாது. அது சரியான விடையைச் சொல்வது. இலங்கையில் வழங்கும் ‘புள்ளியிடும் திட்டம்’ கொஞ்சம் நெருங்குகிறது, ஆனால் படிகளை விவரிக்க வேண்டிய கட்டாயம் அதற்கில்லை. ‘மதிப்பீட்டுப் படி’ என்றாலோ, விடைத்தாள் திருத்தக் கொடுக்கும் காசு என்று நினைத்துவிடுவார்கள்! ‘தரப்படி அட்டவணை’ என்பதே சரி. ஏறுவதும் படி, நெல் அளப்பதும் படி. இரண்டு பொருளும் இங்கே வேண்டியவை. வரிசையை ‘அளவுகோல்’ எனலாம், கட்டத்தைப் ‘படி’ எனலாம்.

படிகளில் ‘நன்று, சுமார், மோசம்’ என்று மட்டும் எழுதினால் இரண்டு பேர் திருத்தும்போது இரண்டு மதிப்பெண் வரும். கண்ணுக்குத் தெரிவதை எழுத வேண்டும். இயற்பியல் ஆய்வக அறிக்கையில் ‘தரவைப் பயன்படுத்தல்’ என்ற அளவுகோலுக்கு:
0 – அளவீடுகள் இல்லை.
1 – அளவீடுகள் உண்டு, முடிவோடு தொடர்பில்லை.
2 – முடிவு அளவீடுகளிலிருந்து வருகிறது.
3 – அதோடு பிழை வரம்பும் கணக்கிடப்பட்டுள்ளது.

மூடிலில் பலரும் சறுக்குவது 0 படியை விட்டுவிடும்போது. 4 அளவுகோல், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை படிகள் என்று வையுங்கள். மாணவர் பெற்ற கூட்டல் 10. 16க்கு 10, அதாவது 62.5 விழுக்காடு என்று நாம் எதிர்பார்ப்போம். குறைந்தபட்சக் கூட்டலைக் கணக்கில் கொள்ளும் தெரிவு அணைந்திருந்தால், மூடில் எல்லாவற்றிலும் 1 வாங்கினால் வரும் 4ஐ 0 ஆக்கிவிட்டு, 16, 10 இரண்டிலும் 4ஐக் கழித்து, 12க்கு 6 என்று எடுத்துக்கொண்டு 50 விழுக்காடு போடும். எல்லாவற்றிலும் 1 வாங்கியவருக்குச் சுழியம்! அந்தத் தெரிவை இயக்குங்கள், அல்லது படிகளை 0இலிருந்து தொடங்குங்கள். திருத்தத் தொடங்கிய பின் மாற்றினால், முன்பே போட்ட மதிப்பெண்கள் தாமாக மாறா. ஒவ்வொரு தாளையும் திறந்து மறுபடி சேமிக்க வேண்டியிருக்கும்.