விரல் நுனியில் 10,000 வோல்ட்: ஆம்ப்ளிஃபயர் ஏன் உறைந்து நிற்கிறது?

டொராண்டோவில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஜனவரி மாதத்தில் கம்பளத்தின் மேல் நடந்து போய் ஆம்ப்ளிஃபயரின் ஒலியளவுக் குமிழைத் தொட்டால், விரல் நுனியில் சுளீரென்று ஒரு பொறி பறக்கிறது, அதே கணத்தில் ஸ்பீக்கரில் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கிறது. ஒரு மாலை, கருவி ரிமோட்டுக்கும் அசையாமல் குமிழுக்கும் அசையாமல் உறைந்து நின்றுவிட்டது; பிளக்கைப் பிடுங்கிச் சற்று நேரம் கழித்துச் செருகிய பிறகே வழிக்கு வந்தது. வீட்டு எர்த் சரியில்லையா, கருவி கெட்டுவிட்டதா என்பவை அவருடைய கேள்விகள். 'உனக்கு உடம்பில் கரண்ட் அதிகம், செம்புக் காப்பு போட்டுக்கொள்' என்று உறவினர் ஒருவர் சொன்னதையும் சேர்த்து எழுதியிருக்கிறார். எர்த்தின் மேல் குற்றமில்லை, கருவியும் பெரும்பாலும் கெட்டிருக்காது; செம்புக் காப்புக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துவிட வேண்டும். ஆம்ப்ளிஃபயரின் உலோக உறையில் விரலை வைத்திருக்கும் வரை விறுவிறுவென்று உணர்ந்தால் அது நிலைமின்சாரம் அன்று. மின்னிணைப்பிலிருந்து இரைச்சல் தடுப்பு மின்தேக்கிகள் வழியாகக் கசியும் சிறு மின்னோட்டம் அது; எர்த் இல்லாத இரண்டு ஊசி பிளக்குகளிலும், எர்த் கம்பி அறுந்துபோன மூன்று ஊசி பிளக்குகளிலும் தெரியும். சென்னையிலும் மதுரையிலும் 'மியூசிக் சிஸ்டம் ஷாக் அடிக்கிறது' என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இதுதான். அதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். நிலைமின்சாரமோ ஒரே ஒரு முறை அடிக்கும். உடனே மறுபடி தொட்டால் எதுவும் இராது.

இரண்டு பொருள்கள் தொட்டுப் பிரியும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்னூட்டம் இடம் மாறுகிறது என்பது பள்ளிப் பாடம். அந்தப் பாடத்தில் அதிகம் சொல்லப்படாதது, வோல்ட் எங்கிருந்து வருகிறது என்பது. காலணியின் அடிப்பாகம் கம்பளத்தோடு ஒட்டியிருக்கும் வரை மின்னழுத்தம் அற்பமானது. காலைத் தூக்கும்போது எதிரெதிர் மின்னூட்டங்களை வலுக்கட்டாயமாகப் பிரிக்கிறோம். மின்தேக்குத் திறன் (ஒரு வோல்ட்டுக்கு எவ்வளவு மின்னூட்டம் தேங்கும் என்ற அளவு) குறைகிறது, மின்னூட்டம் மாறவில்லை, ஆகவே மின்னழுத்தம் ஏறுகிறது. அதற்கான ஆற்றலைக் கொடுப்பவை நம் தொடைத் தசைகள். மனித உடலின் மின்தேக்குத் திறன் ஏறத்தாழ 150 பைக்கோ ஃபாரட். அது 10,000 வோல்ட்டுக்கு ஏறினால், சேர்ந்திருக்கும் உபரி மின்னூட்டம் சுமார் ஒன்பது லட்சம் கோடி எலக்ட்ரான்களுக்குச் சமம். கேட்க மலைப்பாக இருந்தாலும், அதில் அடங்கிய ஆற்றல் 7.5 மில்லி ஜூல்தான். ஒரு கிராம் எடையை முக்கால் மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் தீர்ந்துவிடும்.

குளிர்நாட்டுப் பனிக்காலத்தில் இது ஏன் பெருகுகிறது என்பதற்குக் கணக்கு எளிது. பூச்சியத்துக்குக் கீழே 10 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று இரண்டு கிராமுக்குச் சற்று மேலான நீராவியைத்தான் ஏந்தும். 21 டிகிரியில் 18 கிராமுக்கு மேல் ஏந்தும். ஆகவே, வெளிக்காற்று நீராவியால் முழுதும் நிறைந்தே இருந்தாலும், அதை வீட்டுக்குள் இழுத்துச் சூடேற்றிய பின் அதன் ஒப்பு ஈரப்பதம் 12 சதவீதம் அளவுக்கு விழுந்துவிடும். ஈரமான காற்று மின்சாரத்தைக் கடத்துவதால் ஷாக் குறைகிறது என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியன்று. ஈரக்காற்றும் நல்ல மின்காப்புதான். கம்பளத்தின் மேலும் காலணியின் மேலும் தோலின் மேலும் படியும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம்தான் மின்னூட்டத்தைச் சத்தமில்லாமல் வழியவிடுகிறது. கடலோரச் சென்னையில் இந்தப் பொறி அபூர்வமாவதற்குக் காரணம் அந்தப் படலமே.

இனி எனக்கு மிகப் பிடித்த பகுதி. விரல் குமிழை நெருங்கி இடைவெளி சில மில்லி மீட்டராகக் குறையும்போது, அங்குள்ள மின்புலம் காற்று தாங்கும் எல்லையான மில்லி மீட்டருக்கு 3,000 வோல்ட்டைக் கடக்கிறது. காற்று அயனியாகிக் கடத்தியாக மாறுகிறது. அடுத்து நடப்பது அளவில் சிறியது, வேகத்தில் அசுரத்தனமானது. வீட்டுக் கருவிகளைச் சோதிப்பதற்கான ஐஇசி 61000-4-2 என்னும் பன்னாட்டுத் தரநிலை இந்தப் பொறியைச் செயற்கையாக உண்டாக்கும் விதத்தை வரையறுக்கிறது: 8,000 வோல்ட்டில் முதல் உச்ச மின்னோட்டம் 30 ஆம்பியர், அந்த உச்சத்தை எட்ட எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறத்தாழ 0.8 நானோ நொடி. வீட்டின் ஏர் கண்டிஷனர் கூடத் தொடர்ந்து இழுக்காத மின்னோட்டம், நொடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் எழுகிறது.

ஒரு நானோ நொடியில் ஒளியே 30 சென்டி மீட்டர்தான் செல்லும்; கம்பியில் செல்லும் மின்குறிப்பு (சிக்னல்) அதைவிடக் குறைவாக. ஆம்ப்ளிஃபயரின் எர்த் கம்பி பிளக்கை அடையவே ஒன்றரை மீட்டர் போக வேண்டும். மேட்டூரில் மதகு திறந்த கணத்தில் கடைமடை வயலுக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருக்காது. பொறி விழுந்த முதல் நானோ நொடியில் ஆம்ப்ளிஃபயரின் நிலையும் அதுதான், சுவரில் எர்த் இருக்கிறது என்பதே அதற்குத் தெரியாது. இதையே வேறு விதமாகவும் சொல்லலாம். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் தன்மின்தூண்டல் எண் (மின்னோட்டம் மாறுவதை அது எதிர்க்கும் அளவு) ஏறத்தாழ ஒரு மைக்ரோ ஹென்றி. அதில் மின்னோட்டம் நானோ நொடிக்கு ஓர் ஆம்பியர் வீதம் உயர வேண்டுமென்றால், அந்த ஒரு மீட்டருக்குக் குறுக்கே 1,000 வோல்ட் நிற்க வேண்டும். 30 ஆம்பியருக்கு 30,000 வோல்ட். உடலில் அவ்வளவு கிடையாது. ஆகவே அந்தக் கணத்தில் எர்த் கம்பி கிட்டத்தட்ட ஓர் அடைத்த கதவு. உபரி மின்னூட்டத்தைப் பின்னர் சாவகாசமாக வடிப்பது அதன் வேலை. முதல் அடியைத் தடுப்பது அன்று. அதனால்தான் எர்த் சரியாக உள்ள வீட்டிலும் 'டப்' கேட்கிறது.

ஆனால் அந்த 'டப்' எப்படிக் கேட்கிறது என்பது அதைவிடச் சுவையான புதிர். நம் காது பிடிக்கும் மிக உயர்ந்த சுருதியின் ஓர் அலைவுக்கே 50 மைக்ரோ நொடி ஆகிறது. பொறியின் ஏற்றமோ அதில் 50,000-இல் ஒரு பங்கு. அவ்வளவு வேகமான துடிப்பில் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு அசையவே முடியாது, ஆடியோ டிரான்சிஸ்டராலும் அதைப் பெருக்க முடியாது. வழி வேறு. உறையின் மேல் பாயும் 30 ஆம்பியர் தன்னைச் சுற்றி ஒரு வானொலி நிலையம் போல மின்காந்த அலையை வீசுகிறது. பின்புறம் தொங்கும், பாட்டின் மின்குறிப்பைக் கொண்டுவரும் ஆர்சிஏ கேபிள்கள் ஆன்டெனாவாக அதைப் பிடித்து உள்ளீட்டுச் சுற்றுக்குள் கொண்டுபோகின்றன. அங்கேயுள்ள டிரான்சிஸ்டரின் பி-என் சந்தி (பி வகை, என் வகைச் சிலிக்கான் பகுதிகள் சேரும் இடம்) ஒரு டையோடு. மேலும் கீழுமாக ஆடும் அந்தத் துடிப்பை அது சமமாக நடத்துவதில்லை, ஒரு திசைக்கு மட்டும் கூடுதலாக வழிவிடுகிறது. அந்த ஏற்றத்தாழ்வு அருகிலுள்ள இணைப்பு மின்தேக்கியில் துளி மின்னூட்டமாகத் தேங்குகிறது. தேங்கியது மின்தடைகள் வழியாக வடிய மில்லி நொடிகள் ஆகின்றன. மில்லி நொடி என்பது காதின் ஆட்சிப் பகுதி. ஆக, நாம் கேட்பது பொறியை அன்று. பொறி போன பின் மின்தேக்கி ஆறுவதைத்தான் கேட்கிறோம்.

கருவி உறைந்துபோவது இந்தக் கதையின் அடுத்த படி. பழைய ஆம்ப்ளிஃபயர்களில் ஒலியளவுக் குமிழ் ஒரு சுழலும் மின்தடை. பொறி அடித்தால் சத்தம் வந்ததோடு சரி. இன்று குமிழ் திரும்புவதை ஒரு நுண்கட்டுப்படுத்திச் சில்லு எண்ணிக்கொண்டிருக்கிறது, உள்ளே 3.3 அல்லது 5 வோல்ட்டில் இயங்கும் அந்தச் சில்லுக்கு, பக்கத்தில் ஓரிரு வோல்ட் துள்ளினாலே பூச்சியம் ஒன்றாகிவிடும், நிரல் வழிதவறிவிடும். இன்னொரு சாத்தியமும் உண்டு. சீமாஸ் (CMOS) வகைச் சில்லுகளில் பி வகை, என் வகைப் பகுதிகள் அடுத்தடுத்து அமைவதால், வடிவமைத்தவர் விரும்பாமலே நான்கடுக்குத் தைரிஸ்டர் (ஒருமுறை திறந்தால் தானாக மூடாத மின்சுவிட்ச்) ஒன்று உள்ளே உருவாகிக் கிடக்கிறது. பொறியின் உபரி மின்னோட்டம் அதைத் தட்டி எழுப்பிவிட்டால், மின்வழங்கல் இருக்கும் வரை அது அணையாது. ரிமோட்டில் அணைப்பது பயன்படாது, ஏனெனில் காத்திருப்பு நிலையிலும் அந்தச் சில்லுக்கு மின்சாரம் போய்க்கொண்டேயிருக்கும். பிளக்கைப் பிடுங்கி, உள்ளிருக்கும் மின்தேக்கிகள் வடியும் வரை காத்திருந்த நம் வாசகர் செய்ததே சரியான வைத்தியம்.

நிரந்தரச் சேதம் நேருமா? நேரலாம். சில்லுக்குள் இருக்கும் மாஸ் டிரான்சிஸ்டரின் வாயிலை (அதைத் திறந்து மூடும் கட்டுப்பாட்டு முனையை) மற்றப் பகுதியிலிருந்து பிரித்துவைப்பது சிலிக்கான் டை ஆக்சைடு படலம்; அது ஒரு நானோ மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு வோல்ட் தாங்கும். படலமே சில நானோ மீட்டர் என்றால் தாங்குவது சில வோல்ட். ஆகவே சில்லின் ஒவ்வொரு இணைப்புக் காலிலும் காவல் டையோடுகள் வைக்கிறார்கள். சில்லின் தகவல் தாளில் 2,000 வோல்ட் தாங்கும் என்று போட்டிருப்பதை நம்பி ஏமாறக் கூடாது: அந்தச் சோதனை 1,500 ஓம் மின்தடை வழியாக நடப்பது, அதில் பாய்வது ஒன்றேகால் ஆம்பியரைச் சற்றுத் தாண்டும். கையில் உலோகச் சாவியைப் பிடித்த மனிதரைப் போல 330 ஓமில் நடக்கும் ஐஇசி சோதனையில், அதே 2,000 வோல்ட்டுக்கு 7.5 ஆம்பியர். முன்னது தொழிற்சாலைக்கானது, பின்னது நம் கூடத்துக்கானது. நல்ல தயாரிப்பாளர் இந்த வேறுபாட்டை அறிந்து, இணைப்புத் துளைகளிலேயே சிறு மின்தேக்கியும் வேகமான காவல் டையோடும் வைத்துவிடுவார். மலிவுக் கருவிகளில் முதலில் மிச்சம் பிடிக்கப்படுவது அவைதாம். மறுபடி இயக்கியதும் இரண்டு பக்க ஸ்பீக்கர்களும் இரைச்சலின்றிப் பாடினால் கவலைக்கு இடமில்லை.

செம்புக் காப்புக்கு வருவோம். 'உடம்பில் கரண்ட்' என்று ஒன்று கூடுதலாக யாருக்கும் கிடையாது. கூடுதலாக இருப்பது உலர்ந்த தோலும் ரப்பர் அடிக் காலணியும் செயற்கை இழை உடையும்தான். காப்பு, உடல் என்னும் கடத்தியோடு இன்னும் கொஞ்சம் கடத்தியைச் சேர்க்கிறது. மின்னூட்டம் போவதற்கு ஓர் இடம் காட்டவில்லை. கம்பி இல்லாத 'ஆன்டி ஸ்டேட்டிக்' மணிக்கட்டுப் பட்டைகளும் இதே ரகம். அவற்றை விற்பவர்கள் அறிவியல் சொற்களால் மந்திரம் ஓதுகிறார்கள் என்பேன். வருத்தம் என்னவென்றால், இப்படிப்பட்ட வியாபாரத்துக்கு இடம் விட்டதில் அறிவியலுக்கும் பங்குண்டு. தொடும்போது இடம் மாறுவது எலக்ட்ரானா, அயனியா, பொருளின் நுண்துகளா என்ற விவாதம் இன்னும் தீரவில்லை. சீராக மின்னேறியதாகக் கருதப்பட்ட பரப்பு, நேர்மின் திட்டுகளும் எதிர்மின் திட்டுகளும் கலந்த ஒட்டுத்துணியாக இருப்பதை 2011-இல்தான் 'சயன்ஸ்' இதழில் காட்டினார்கள். 2012-இல், உராய்விலிருந்து மின்சாரம் எடுக்கும் உராய்வு மின்னாக்கி அறிமுகமானதிலிருந்து ஆர்வம் பெருகியிருக்கிறது. அந்த ஆர்வமும் நிதியும் கருவி செய்வதோடு நின்றுவிடாமல் 'ஏன்' என்ற கேள்விக்கும் போக வேண்டும் என்பது என் கட்சி.

வினைல் இசைத்தட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு. தட்டின் பிவிசி, உராய்வு வரிசையில் (தொட்டுப் பிரிந்தால் எது நேர்மின், எது எதிர்மின் ஏறும் என்று பொருள்களை அடுக்கிய பட்டியலில்) எதிர்மின் முனையை ஒட்டி நிற்கும் பொருள்; உறையிலிருந்து உருவும்போதே தட்டு மின்னேறி, அறையின் தூசியையெல்லாம் தன்மேல் வாரிக்கொள்கிறது. தட்டிலிருந்து ஊசிக்குத் தாவும் குட்டிப் பொறிகள், 5 மில்லி வோல்ட் அளவிலான மின்குறிப்பைச் சுமார் 100 மடங்கு பெருக்கும் முன்பெருக்கிக்குள் விழுவதால், பாட்டின் நடுவே சொடக்குப் போடுவது போல் கேட்கின்றன. மெல்லிய கார்பன் இழைத் தூரிகையை, அதன் உலோகப் பிடியில் விரல் படும்படி பிடித்து, சுழலும் தட்டின் மேல் லேசாக வைத்தால் பெருமளவு வடிந்துவிடும்.

கூடத்தைப் பொறுத்தவரை, ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பதே மூலவைத்தியம். அது முடியாத நாட்களில், குமிழைத் தொடுமுன் கையிலுள்ள சாவியால் சுவர் சுவிட்ச் தகட்டின் உலோகத் திருகைத் தொட்டுவிடலாம். கனடாவில் அந்தத் திருகு பெரும்பாலும் எர்த்தோடு இணைந்திருக்கும், பொறி சாவியின் நுனியில் விழுவதால் விரலுக்கு வலியும் இராது. கேபிள் மாற்றும்போது மட்டும் கூடுதல் எச்சரிக்கை தேவை. யூஎஸ்பி பிளக்கைச் செருகினால் மின்வழங்கல், எர்த் தகடுகள் முதலில் தொட்ட பிறகே தரவுத் தகடுகள் தொடும்படி நீளத்தை வைத்திருக்கிறார்கள். ஆர்சிஏ பிளக்கில் நேர்மாறாக, மின்குறிப்பைச் சுமக்கும் நடு ஊசி முதலில் நுழைந்து, வெளிவளையம் பின்னால்தான் தொடுகிறது. கேபிளிலும் உடலிலும் உள்ள மின்னூட்டம் நேரே உள்ளீட்டு டிரான்சிஸ்டருக்குள் இறங்க இதைவிடத் தோதான அமைப்பு இல்லை. ஆகவே ஆம்ப்ளிஃபயரை அணைத்து, ஒரு கையை அதன் உலோக உறையின் மேல் வைத்துக்கொண்டு, கேபிளின் வெளிவளையத்தை உறையில் ஒரு முறை தொட்டுவிட்டு, அதன் பிறகு செருகுங்கள்.