மூளைக்கு வலிக்கத் தெரியாது

பக்கவாதம் வந்தவரைத் தாமதமாகக் கூட்டி வரும் குடும்பத்தினரிடம் ஏன் இவ்வளவு நேரமாயிற்று என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "வலி ஒண்ணும் இல்லைன்னு சொன்னார் டாக்டர். தூங்கி எழுந்தா சரியாயிடும்னு நினைச்சோம்." அவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. உடம்பில் ஏதாவது கெட்டால் வலிக்கும், வலித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நாம் எல்லோரும் சின்ன வயதிலிருந்து பழகியிருக்கிறோம். பல்லுக்கு அது சரி, முறிந்த எலும்புக்கும் சரி. ஆனால் பக்கவாதம் என்பது மூளையின் ரத்தக் குழாய் அடைபடுவதாலோ கசிவதாலோ வருவது, மூளை விஷயத்தில் அந்தப் பழக்கம் ஆளைக் கவிழ்த்துவிடுகிறது.

உடம்பின் எந்த மூலையில் வலித்தாலும் அதை உணர்வது மூளைதான். ஆனால் மூளைக்குள் வலியைப் பிடித்து அனுப்பும் நரம்பு முனைகள் கிடையாது. தலைத்தோலுக்கு வலிக்கும், மூளையைப் போர்த்தியிருக்கும் உறைக்கும் அங்குள்ள பெரிய ரத்தக் குழாய்களுக்கும் வலிக்கும். மூளைக்கு மட்டும் வலிக்காது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் 1930களில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர், வலிப்பு நோயாளிகளுக்குத் தலைத்தோலை மட்டும் மரத்துப்போகச் செய்துவிட்டு, அவர்கள் விழித்திருக்கும்போதே மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்த்தார். ஓரிடத்தைத் தொட்டால் கட்டைவிரல் அசைந்தது, இன்னோரிடத்தில் உதடு மதமதத்தது, வேறோரிடத்தில் பேசிக்கொண்டிருந்தவரின் பேச்சு அப்படியே நின்றது. மூளையைத் தொடுவது அவர்களுக்கு வலிக்கவில்லை. இன்றும் பேச்சுப் பகுதிக்குப் பக்கத்தில் கட்டி இருந்தால், நோயாளியைப் பேச வைத்துக்கொண்டே அறுவை சிகிச்சை செய்வது உண்டு.

அப்படியானால் தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று மூளை எப்படித்தான் சொல்லும்? ஒரு வேலையை நிறுத்திவிடும். நேற்று வரை தானாக நடந்த ஏதோ ஒன்று இன்று நடக்காது. எது நின்றது என்பதை வைத்தே எந்த இடம் கெட்டது என்று பெருமளவு சொல்லிவிடலாம். ஸ்கேன் இல்லாத காலத்தில் நரம்பியல் வளர்ந்ததே இப்படித்தான். 1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவரிடம் ஒரு நோயாளி வந்தார். பல வருடங்களாக அவர் வாயில் வந்தது "டான்" என்ற ஒரே அசைதான். மற்றவர்கள் பேசுவது அவருக்குப் புரிந்தது. அவர் இறந்த பின் பார்த்தபோது மூளையின் இடது முன்பகுதியில் ஓரிடம் சிதைந்திருந்தது. 1874இல் கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் இதற்கு நேர் மாறான நிலையை விவரித்தார். அவர் பார்த்தவர்கள் தடையில்லாமல் பேசினார்கள், ஆனால் பேச்சில் பொருள் இல்லை. சொற்கள் இடம் மாறி வரும், எந்த மொழியிலும் இல்லாத சொற்கள் நடுவில் கலந்து வரும். நாம் சொல்வதும் அவர்களுக்குப் புரியாது.

இந்த இரண்டாவது நிலையைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். இவர்களுக்குக் கை கால் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், எழுந்து நடப்பார்கள். அதனால் குடித்திருக்கிறார், மனநிலை சரியில்லை, ஏதோ அதிர்ச்சி என்றெல்லாம் சுற்றியிருப்பவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். காலை வரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினால், அது மூளை சம்பந்தப்பட்டது என்று வைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். அது இல்லை என்று ஸ்கேன் சொன்ன பிறகு மற்றதை நிதானமாக யோசிக்கலாம்.

மூளையிலிருந்து தசைகளுக்கு இறங்கும் முக்கியமான நரம்புப் பாதை, தண்டுவடம் தொடங்குவதற்குச் சற்று மேலே, மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தின் அடியில், பெரும்பகுதி எதிர்ப்பக்கத்துக்குக் கடந்துவிடுகிறது. இடது மூளையில் அடைப்பு என்றால் வலது கை கால் துவண்டுபோவது இதனால்தான். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சின் இருப்பிடமும் இடது மூளை என்பதால், வலது கை பலவீனமும் பேச்சுக் கோளாறும் சேர்ந்தே வருவதை நிறையப் பார்க்கிறோம்.

வலது மூளையின் பாதிப்பு இன்னும் ஏமாற்றக்கூடியது. இடது கை சுத்தமாகச் செயலிழந்த ஒருவரிடம் அந்தக் கையைத் தூக்குங்கள் என்பேன். கை படுக்கையில் அப்படியே கிடக்கும். தூக்கிவிட்டீர்களா என்று கேட்டால், "தூக்கிட்டேனே" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, பயத்தில் மறைக்கவும் இல்லை. உடம்பின் அந்தப் பக்கத்தைக் கவனித்து, அங்கே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிவிக்க வேண்டிய பகுதியே கெட்டுவிட்டது. 1914இல் ஜோசப் பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் இந்த நிலைக்குப் பெயர் வைத்தார். இவர்களில் சிலர் தட்டின் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு முடித்துவிட்டதாகச் சொல்வார்கள், முகத்தின் வலது பக்கத்தை மட்டும் ஷேவ் செய்வார்கள். இடது பக்கமாக வந்து நிற்கும் மகளைக் கவனிக்காமல் இருப்பார்கள். அவள் வலது பக்கம் வந்து நின்றால் உடனே பேசுவார்கள். பல வருடம் பார்த்த பிறகும் இந்த நிலை என்னைக் கலங்க வைக்கிறது. தான் நலமாக இருப்பதாக ஒருவர் முழு மனதோடு நம்புகிறார், அந்த நம்பிக்கையே நோயின் அறிகுறியாக இருக்கிறது.

ஆகவே வீட்டில் இருப்பவர்கள் "உனக்கு என்ன பண்ணுது?" என்று கேட்டு, "ஒண்ணுமில்லை" என்ற பதிலை வாங்கிக்கொண்டு விட்டுவிடக் கூடாது. நீங்களே பாருங்கள். சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா? கண்ணை மூடி, உள்ளங்கை மேலே பார்க்க இரண்டு கைகளையும் நீட்டி, பத்து எண்ணும் வரை வைத்திருக்கச் சொல்லுங்கள், ஒரு கை தாழ்கிறதா? ஒரு சின்ன வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். திடீரென்று வந்த தள்ளாட்டம், ஒரு பக்கப் பார்வை மறைவது, பொருள் இரண்டாகத் தெரிவது, இவையும் இதே வரிசையில் வருபவைதான். வாய் கோணுவது முக நரம்பு மட்டும் பாதிக்கப்பட்டாலும் வரும். அதில் நெற்றியைச் சுருக்க முடியாது, கண்ணும் சரியாக மூடாது. பக்கவாதத்தில் நெற்றி பொதுவாகத் தப்பிவிடும், காரணம் நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது. ஆனால் இந்த வித்தியாசத்தை வீட்டில் பிரித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள், அது எங்கள் வேலை.

ஏன் இவ்வளவு அவசரம்? உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம்தான் மூளை, சும்மா இருக்கும்போதே உடம்பின் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நியூரான்களும், அதாவது நரம்பு செல்களும், ஒவ்வொரு நொடியும் தங்கள் மின்னழுத்தத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் செலவழிக்கும் சக்தி அது. சேமிப்பு என்று சொல்லத்தக்க எதுவும் அங்கே இல்லை. ரத்த ஓட்டம் முழுவதும் நின்றால் ஏறத்தாழ பத்து நொடியில் நினைவு தப்பிவிடும். ஒரு பெரிய குழாய் அடைபட்டு, சிகிச்சை இல்லாமல் விட்டால், நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நியூரான்கள் அழிகின்றன என்று 2006இல் கணக்கிட்டிருக்கிறார்கள். அழிந்தவை திரும்ப வராது. பிசியோதெரபியில் முன்னேற்றம் வருவது, மிச்சமிருக்கும் நியூரான்கள் புது இணைப்புகளை உண்டாக்கிக்கொண்டு வேலையை ஏற்றுக்கொள்வதால்.

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு முன்னால் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. பெரிய குழாயில் அடைப்பு என்றால், தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சை இருக்கிறது. அதைத் தகுதியுள்ள சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம். மருத்துவமனையில் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி, "கடைசியாக அவரை நன்றாகப் பார்த்தது எப்போது?" என்பதுதான். அறிகுறியோடு தூங்கி எழுந்தவருக்கு நேரம் கண்விழித்ததிலிருந்து தொடங்குவதில்லை, கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. அந்த நேரத்தைச் சரியாகச் சொல்லத் தெரிந்த ஒருவர் கூட வந்தால் பெரிய உதவி. அப்புறம், வாயில் தண்ணீரோ உணவோ கொடுக்காதீர்கள், விழுங்கும் தசைகளும் பலவீனமாக இருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். ஆஸ்பிரினும் வேண்டாம். அடைப்பா, ரத்தக்கசிவா என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது, அதற்கு சிடி ஸ்கேன் வேண்டும். கசிவாக இருந்தால் அதே ஆஸ்பிரின் நிலைமையை மோசமாக்கிவிடும். சிடி ஸ்கேனும் பக்கவாத சிகிச்சையும் உள்ள இடத்துக்கு நேராகப் போங்கள்.

சில நிமிடம் கை வராமல் போய், பேச்சு குழறி, பிறகு தானாகச் சரியாகிவிடுவதும் உண்டு. தற்காலிக அடைப்பு அது. சரியாகிவிட்டதே என்று நிம்மதியடைவது இயல்புதான், ஆனால் முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து அதற்கு அடுத்த 48 மணி நேரத்தில்தான் மிக அதிகம். அன்றைக்கே பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் பின்னணியில் பெரும்பாலும் இருப்பது உயர் ரத்த அழுத்தம், அதுவும் வலிக்காது. தலை வலிக்கவில்லை, அதனால் பிபி சரியாகத்தான் இருக்கும் என்று மாத்திரையை நிறுத்தியவர்களை ஐசியூவில் பார்ப்பது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

தலைவலிக்கு வருவோம். மூளைக் கட்டியாக இருக்குமோ என்ற பயத்தில் வருபவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இருப்பது ஒற்றைத் தலைவலி அல்லது தசை இறுக்கத்தால் வரும் வலி. வேதனை நிஜம்தான், அதற்கு நல்ல சிகிச்சையும் இருக்கிறது. கவலைப்பட வேண்டிய தலைவலிகள் வேறு: வாழ்நாளில் இல்லாத அளவு வலி நொடிப்பொழுதில் வந்து இறங்குவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவது, கை கால் பலவீனமோ பார்வைக் குறைவோ சேர்ந்து வருவது.

வயதானவர்கள் லேசாக விழுந்து தலையில் அடிபட்டதையும் இங்கே சொல்ல வேண்டும். வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்கும், உறைக்கும் மூளைக்கும் நடுவே போகும் சிறிய சிரைகள் இழுபட்டு நிற்கும். சின்ன அடியிலும் அவை கசியலாம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, சில வாரம் கழித்துத்தான் தடுமாற்றம், மறதி, பகலெல்லாம் தூக்கம் என்று வெளிப்படும். விழுந்ததையே அதற்குள் எல்லோரும் மறந்திருப்பார்கள், வயசாயிடுச்சு என்று விட்டுவிடுவார்கள். சேர்ந்த ரத்தத்தை வெளியேற்றினால் நன்றாகத் தேறிவிடக்கூடிய நோய் இது.

இதுவரை சொன்னது மூளை. அதற்கு வெளியே, உடம்பெங்கும் போகும் நரம்புகளின் கதை கொஞ்சம் வேறு, அவை வலியைச் சொல்வதற்கென்றே இருப்பவை. கால் கட்டைவிரலை எங்காவது இடித்துக்கொண்டால் முதலில் சுள்ளென்று ஒரு வலி, சற்றுக் கழித்து விண்விண்ணென்று இன்னொரு வலி வருவதைக் கவனித்திருப்பீர்கள். மின்கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல சில நரம்பிழைகளுக்கு மையலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. உறையுள்ள தடித்த இழைகளில் செய்தி நொடிக்கு 100 மீட்டருக்கு மேலும் ஓடும். சுள்ளென்ற வலியைக் கொண்டு வருபவை மெல்லிய உறை கொண்டவை, அவை சற்று மெதுவானவை. உறையே இல்லாத மிக மெல்லிய இழைகளில் நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான், இரண்டாவது வலி தாமதமாக வருவது அதனால்தான்.

சர்க்கரை நோய் பல வருடம் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் கெடுவது இந்த நரம்புகள். பாதத்தில்தான் முதலில் தொடங்கும், ஏனென்றால் அங்கே போகும் இழைகளே உடம்பில் மிக நீளமானவை. இடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு நரம்பு செல், கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தள்ளியுள்ள தன் நுனிக்குத் தேவையானதையெல்லாம் இங்கிருந்தே அனுப்பியாக வேண்டும். பஞ்சின் மேல் நடப்பதுபோல் இருக்கிறது என்பார்கள், ராத்திரியில் பாதம் எரிகிறது என்பார்கள். பிறகு எரிச்சல் குறையும். குணமாகிவிட்டது என்று சிலர் சந்தோஷப்படுவார்கள், ஆனால் சொல்ல வேண்டிய இழைகள் அழிந்துபோனதாலும் எரிச்சல் நின்றிருக்கலாம். அதன் பிறகு செருப்புக் கடித்த புண் தெரியாது, குத்திய ஆணி தெரியாது. பாதத்தை இழப்பது பெரும்பாலும் இப்படிக் கவனிக்காத சின்னப் புண்ணில்தான் ஆரம்பிக்கிறது.

சர்க்கரை உள்ளவர்கள் தினமும் ராத்திரி இரண்டு பாதங்களையும் விரல் இடுக்கு வரை கண்ணால் பாருங்கள். அடிப்பாதம் தெரியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள், பார்வை மங்கலாக இருந்தால் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வெந்நீரின் சூட்டைப் பாதத்தால் சோதிக்காதீர்கள், முழங்கையால் தொட்டுப் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது உங்கள் மருத்துவர் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சியைச் சோதிக்க வேண்டும், ஒரு நிமிட வேலை. அவர் மறந்தால் நீங்களே செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டிக் கேளுங்கள்.