ஸ்கேனர் இருக்கு, மீட்டர் எங்கே?

இன்ஜின் செக் லைட் எரிகிறதென்று ஒரு பைக் வருகிறது. ஆக்சிஜன் சென்சரை ஏற்கெனவே மாற்றியாயிற்று. லைட் அணையவில்லை என்று இன்ஜெக்டரையும் மாற்றியாயிற்று. அப்புறம் "ஈசியு போச்சுண்ணா" என்று, இன்ஜினை நடத்தும் கணினிக்கே தீர்ப்பும் சொல்லியாயிற்று. பார்த்தால், த்ராட்டில் பாடிக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள மேனிஃபோல்டு ரப்பரில் ஒரு வெடிப்பு. இதையே எத்தனை வண்டியில்தான் பார்ப்பது?

2020 ஏப்ரல் 1 அன்று பிஎஸ்6 புகை விதி வந்ததும், ஒன்றிரண்டு மாடல்கள் தவிரப் புது பைக்குகளில் கார்புரேட்டர் போய், ஈசியு சொல்கிறபடி பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வந்துவிட்டது. ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இன்ஜின் சத்தம் கேட்டு ட்யூன் செய்த காதுக்கு மரியாதை உண்டு. ஆனால் 5 வோல்ட்டில் ஓடும் சென்சர் சத்தம் போடாது. அது புரிந்த பட்டறைக்காரர்கள், ஈசியு பதிந்து வைக்கும் கோளாறு கோடைப் படிக்க, கடன் வாங்கியாவது ஒரு ஸ்கேனர் வாங்கினார்கள். சறுக்கல் அங்கேதான்.

ஸ்கேனர் எந்தப் பொருள் கெட்டது என்று சொல்லாது. திரும்பச் சொல்கிறேன், சொல்லவே சொல்லாது. ஈசியுவுக்கு எந்த அளவு ஒத்துவரவில்லையோ அதை மட்டும் சொல்லும். பி0171 என்று கோடு வந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு என்று பொருள். ஆக்சிஜன் சென்சர் கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. பம்ப் அழுத்தம் குறைந்திருக்கலாம், ஃபில்டரோ இன்ஜெக்டரோ அடைத்திருக்கலாம், மேனிஃபோல்டில் காற்று புகலாம், சைலன்சர் ஜாயின்ட் கசிந்து வெளிக்காற்றை சென்சர் மோப்பம் பிடித்திருக்கலாம். சென்சர் உள்ளதைத்தான் சொல்கிறது, அதைப் பிடித்துக் கழற்றிப் போட்டால் எப்படி? காய்ச்சல் என்றதும் தெர்மாமீட்டரை மாற்றுவது மாதிரி இருக்கிறது.

கோடு வந்த பிறகுதான் மல்டிமீட்டரோடு வேலை ஆரம்பம். முதலில் பேட்டரி: சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் மற்ற எந்த அளவையும் நம்பாதீர்கள். அடுத்து எர்த்: இக்னிஷனைப் போட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் ஈசியு எர்த் ஒயருக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ துரு. பிறகு த்ராட்டில் சென்சர்: ஒரு ஒயரில் 5 வோல்ட் வர வேண்டும், சிக்னல் ஒயரில் ஆக்சிலேட்டரைத் திருகத் திருக அளவு தாவாமல், விழாமல் ஏற வேண்டும். பெட்ரோல் அழுத்தத்துக்கு கேஜ் மாட்டுங்கள். நிறைய மாடல்களில் 3 பார் அளவில் நிற்கும், சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது. பைப்பைக் கழற்றுமுன் பம்ப்புக்குப் போகும் ஒயரின் கப்ளரை உருவி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். இல்லாவிட்டால் பெட்ரோல் முகத்தில் பீச்சும்.

மீட்டர் ஊசியைக் கப்ளரின் முன்பக்கம் திணிக்காதீர்கள். உள்ளே இருக்கும் பின் அகன்றுவிடும். இல்லாத கோளாறு நாளைக்குப் புதிதாக வரும். பின்பக்கமாக மெல்லிய ஊசி விட்டு அளக்க வேண்டும். பல்பு கட்டிய டெஸ்ட் லாம்ப்பை ஈசியு ஒயரில் வைக்கவே வைக்காதீர்கள். பல்பு இழுக்கும் கரண்ட்டை அந்த சர்க்யூட் தாங்காது. வண்டி ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி சார்ஜிங் பார்க்கிற பழக்கத்துக்கும் இன்றோடு முழுக்குப் போடுங்கள்.

இந்த மீட்டர் வேலையை இப்போது பழகாவிட்டால் மின் ஸ்கூட்டர் வரும்போது இன்னும் திணற வேண்டியிருக்கும். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தயாராகி நம் தெருவுக்கே வந்துவிட்ட வண்டிகள் அவை. ஆயில் மாற்றும் வேலை, பிளக் வேலை, கிளட்ச் வேலை போய்விடும். பிரேக், பேரிங், சஸ்பென்ஷன், டயர் எங்கேயும் போகாது. கூடவே ஒயரிங் வேலை பெருகும். சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் ஹப் மோட்டார் உதறினால், மோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்லும் ஹால் சென்சருக்கு 5 வோல்ட் வருகிறதா பாருங்கள். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால் மூன்று சிக்னல் ஒயரும் மாறி மாறி 0-க்கும் 5-க்கும் தாவ வேண்டும். ஒன்று தாவவில்லையா, முதலில் கப்ளரையும் ஒயரையும் பாருங்கள். அவை நன்றாக இருந்தால்தான் சென்சர். இதற்கு ஸ்கேனரே வேண்டாம்.

பட்டறையில் எடுபிடியாக நிற்கிற தம்பிக்கும் சாயங்காலம் அரை மணி நேரம் மீட்டரைக் கொடுங்கள். நன்றாக ஓடுகிற வண்டியில் அளந்து, மாடல்வாரியாக நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நல்ல வண்டியின் எண் தெரியாதவனுக்குக் கெட்ட வண்டியின் எண் புரியாது. பத்தாவது முடித்து இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிற பையன் என்றால் ஐடிஐயில் மின்வாகன மெக்கானிக் பிரிவே இருக்கிறது, விசாரியுங்கள்.

மின் ஸ்கூட்டரின் பேட்டரி பேக்கை மட்டும் தயவுசெய்து திறக்காதீர்கள். 14 லித்தியம் செல்லை வரிசையாகக் கோத்த பேக் முழு சார்ஜில் 58.8 வோல்ட். ஷாக் அடிக்காது என்று தைரியம் வரும். ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் பாய்கிற கரண்ட் அந்த ஸ்பேனரையே பழுக்க வைத்துவிடும். உப்பிய பேக்கோ, தண்ணீர் புகுந்த பேக்கோ வந்தால் சார்ஜ் போடாமல், பட்டறைக்கு வெளியே, பெட்ரோல் கேனுக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு கம்பெனி சர்வீசுக்குச் சொல்லுங்கள். மின்வண்டியைத் தொடுமுன் விரலில் மோதிரம், கையில் காப்பு இருந்தால் கழற்றி டிராயரில் போட்டுவிடுங்கள்.