அஞ்சல்: ஒரு சொல் விளக்கம்

தபாலுக்குத் தமிழ் வேண்டும் என்று ஆட்சிச்சொல் ஆக்கியவர்கள் உட்கார்ந்து செய்த சொல்தான் அஞ்சல் என்று பலர் நினைக்கிறார்கள். 'அஞ்சல் நிலையம்' என்ற பலகையை மட்டும் பார்ப்பவருக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று நீளும் தென் திருவிதாங்கூர்க் கடற்கரையில், அதாவது இன்றைய குமரி மாவட்டத்தில், இது ஆட்சிச்சொல் அகராதிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அன்றாடம் புழங்கிய சொல். மன்னர் அரசு நடத்திய கடிதப் போக்குவரத்துக்கு அங்கே அஞ்சல் என்றுதான் பெயர். அதை 18ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் காலத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். முதலில் அரண்மனை ஓலைகளும் சர்க்கார் காகிதங்களும் போய்வந்தன. பொதுமக்கள் கடிதம் அதில் ஏறியது 19ஆம் நூற்றாண்டில்.

சொல்லின் அடிப்பொருள் கடிதம் அன்று, கைமாற்றிக் கொண்டுபோவது. ஒருவன் ஓரிடம் வரை ஓடுவான், அங்கே காத்திருப்பவன் பையை வாங்கிக்கொண்டு அடுத்த இடத்துக்கு ஓடுவான். அந்தக் கட்டத்துக்கும் அந்த முறைக்கும் பெயர் அஞ்சல். தெலுங்கில் 'அஞ்செ' என்றால் இப்படிப்பட்ட கட்டம். 'அஞ்செலஞ்செலுகா' என்றால் படிப்படியாக. கன்னடத்தில் அதே அஞ்செதான் தபால். கர்நாடகத்துத் தபால் நிலையங்களின் பலகையில் இன்றும் 'அஞ்செ கச்சேரி' என்று பார்க்கலாம். தமிழிலும் அந்தப் பழைய பொருள் செத்துப்போகவில்லை. யாழ்ப்பாணத்துப் பள்ளி விளையாட்டுப் போட்டியில் நான்கு பேர் கோல் மாற்றி ஓடுவது அஞ்சலோட்டம். ஒரு வானொலி நிலையத்தின் நிகழ்ச்சியை இன்னொரு நிலையம் வாங்கி ஒலிபரப்புவதும் அஞ்சல்தான். 'டெல்லி அஞ்சல்' என்ற அறிவிப்பு பழைய நேயர்களுக்கு நினைவிருக்கும்.

ஓடியவருக்கு அஞ்சலோட்டக்காரன் என்று பெயர். தோளில் பை, கையில் மணி கட்டிய கோல். மணி ஓசை கேட்டால் வழியில் போகிறவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டும். விலங்குகள் விலகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த கட்டத்தில் காத்திருப்பவன் எழுந்து முண்டாசைச் சரிசெய்துகொள்ள அந்த ஓசைதான் முன்னறிவிப்பு.

இதற்குக் கிரேக்க மூலம் சொல்கிறவர்களும் உண்டு. தூதர் என்று பொருள்படும் 'ஆங்கெலோஸ்' என்ற சொல்லை வைத்து, திருவிதாங்கூரில் ரெசிடெண்டாகவும் (பிரிட்டிஷ் பிரதிநிதி) திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ இந்தப் பெயரைச் சூட்டினார் என்பது அந்தக் கதை. கேட்க நன்றாக இருக்கிறது, நம்பத்தான் முடியவில்லை. அக்கம்பக்கத்துத் திராவிட மொழிகளில் அதே சொல் அதே பொருளில் கிடக்கும்போது கிரேக்கம் வரை ஏன் போக வேண்டும்? அச்சம் என்று பொருள்படும் 'அஞ்சு' என்ற வினையும், பக்திப் பாடல்களில் வரும் 'அஞ்சேல்' என்ற அபயச் சொல்லும் ஒலியால் மட்டுமே இதற்கு உறவு.

தபால் வேறு வழியில் வந்தது. மராத்தியில் டபால், கன்னடத்தில் டப்பாலு, பழைய தமிழ் எழுத்தில் தப்பால். வட இந்தியா 'டாக்' என்று சொன்னபோது தெற்கும் மேற்கும் இதைச் சொன்னன. 1786இல் சென்னைக் கோட்டையில் கம்பெனியின் தபால் அலுவலகம் தொடங்கிய பிறகு இந்தச் சொல்லுக்கு அதிகார பலமும் சேர்ந்தது. கடல் தாண்டிச் சிங்களத்தில் 'தெபெல்' ஆகியிருப்பதும் இதுதான்.

இனி, இந்தக் கடற்கரைக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். பிரிட்டிஷ் இந்தியாவின் தபால் திருவிதாங்கூருக்குள்ளும் வந்தது. ஆனால் அஞ்சல் மூடப்படவில்லை. இரண்டும் அருகருகே நடந்தன. சமஸ்தானத்துக்குள் போகும் கடிதத்தை அஞ்சலில் போடலாம். ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டித் திருநெல்வேலிச் சீமைக்குப் போக வேண்டியது என்றால் தபால். காசும் வேறு. இந்தியத் தபால்தலையில் அணா, பை. 1888இல் வெளிவந்த திருவிதாங்கூர்த் தலையில் சக்கரம் என்ற சமஸ்தான நாணயம். ஒரு சக்கரத்துக்குப் 16 காசு. 28 சக்கரம் கொண்டது ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அந்த முதல் தலைகள் 1, 2, 4 சக்கர மதிப்பில் வந்தன. இந்தியத் தலையில் விக்டோரியா ராணியின் முகம் இருந்த காலத்தில் இதன் நடுவே இருந்தது அரசச் சின்னமான சங்கு. ஆங்கில எழுத்தில் அதில் 'அஞ்செல்' என்று பொறித்தார்கள். 1892இல் தலை வெளியிட்ட கொச்சி 'அஞ்சல்' என்று எழுதியது. ஒரே சொல்லுக்கு அண்டை அரசுகள் இரண்டும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டு வைத்துக்கொண்டதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

தந்தி மன்னரின் அஞ்சலுக்குள் வரவே இல்லை, அது இந்திய அரசின் சொத்து. 1855இல் இந்தியாவில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டு 2013 ஜூலையில் நின்றது. சொல் வடமொழித் 'தந்த்ரீ'. வீணை நரம்புக்கும் உலோகக் கம்பிக்கும் தமிழ் முன்பே எடுத்துக்கொண்டதுதான், செய்திக்கும் ஆகிவந்தது. மலையாளத்தில் நேராகக் 'கம்பி' என்றார்கள்; தபால் தந்தித் துறை அங்கே கம்பித்தபால் வகுப்பு. நம் பக்கம் விசையைத் தட்டும் ஓசை பேச்சிலேயே ஏறிக்கொண்டது: குளிரில் பல் தந்தியடிக்கிறது.

1951இல் அஞ்சல் இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தென் திருவிதாங்கூர்த் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. ஒரு சமஸ்தானத் துறையின் பெயராக இருந்த சொல் இன்று தமிழ்நாடு முழுக்கப் பொதுச்சொல்: அஞ்சல்தலை, அஞ்சலட்டை, அஞ்சலகம். மின்னஞ்சல் வந்தபோது மின்தபால் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. வாசலில் மணியடிப்பவர் மட்டும் இன்னும் தபால்காரர்தான், அவரை மாற்றச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்த மாட்டேன்.

ஆகவே தபாலுக்கு நேரான தமிழ் அஞ்சல் என்பதில் தடையில்லை. குமரிக் கடற்கரையின் பழைய வரலாறு எழுதுகிறவர்கள் மட்டும் இந்த மாற்றீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது. மூல ஆவணத்தில் 'தபால் ஆபீஸ்' என்றிருப்பதை 'அஞ்சலகம்' என்று திருத்தினால் பிரிட்டிஷ் அலுவலகம் மன்னர் அலுவலகமாகிவிடும். 1951க்கு முந்தைய செய்தி என்றால் 'திருவிதாங்கூர் அஞ்சல்', 'இந்தியத் தபால்' என்று அடைமொழியோடு பிரித்து எழுதுங்கள். அதற்குப் பிந்தியது என்றால் எந்தச் சொல்லும் சரி.