மூன்றாம் கிளாரினெட்டின் தாளை முதலில் பாருங்கள்

சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளி பேண்டில் சேரும் பிள்ளைகளில் பலர் அதற்கு முன் ஒரு வாத்தியத்தைக் கையில் பிடித்திருக்க மாட்டார்கள். உயர்நிலை ஒன்றில் நுழைந்து, பேண்டை இணைப்பாட நடவடிக்கையாக எடுத்து, சில மாதங்களிலேயே சீனியர்களோடு ஒரே மேடையில் உட்கார வேண்டும். அவர்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரும்பாலும் நாம் தேர்ந்தெடுக்கும் பாடல்கள்தான். எந்தப் பாட்டு, எதற்குப் பிறகு எது என்பதுதான் பேண்டுக்குப் பாடத்திட்டம்.

கர்நாடக சங்கீதத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், அப்புறம்தான் வர்ணம். முதல் நாளே வர்ணம் சொல்லித்தர எந்த ஆசிரியருக்கும் மனம் வராது. பேண்டில் ஆரம்பப் பயிற்சிப் புத்தகம் முடிந்ததும் அந்த வரிசையைப் பயிற்றுநரே அமைத்துக்கொள்ள வேண்டும். பதிப்பாளர்கள் பாடல்களுக்கு எளிதிலிருந்து கடினம் வரை 1 முதல் 6 என்று நிலை போட்டிருப்பார்கள். அது உதவும், ஆனால் உங்கள் பேண்டில் யார் தடுமாறுகிறார்கள் என்று அந்த எண்ணுக்குத் தெரியாது.

புது ஸ்கோர், அதாவது எல்லா வாத்தியங்களின் இசைக்குறிப்பும் சேர்ந்த தாள், ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது மூன்றாம் கிளாரினெட்டின் வரியை. புதுப் பிள்ளைகள் உட்காரும் இடம் அது. பாட்டு முழுக்க அவர்களுக்கு நீட்டல் சுரங்கள் மட்டுமே இருந்தால், நல்ல பாட்டாக இருந்தாலும் அவர்கள் அதில் வளரப்போவதில்லை. நாலு பார் (இசைக்குறிப்பில் கோடு போட்டுப் பிரித்த தாளக் கட்டம்) மெட்டாவது அவர்கள் கைக்கு வர வேண்டும்.

அடுத்து, கிளாரினெட்டின் நடுப்பகுதியில் இருக்கும் ஒரு திருப்பம். அங்கே 'ஏ' சுரத்துக்கு இடது ஆள்காட்டி விரல் மட்டும் ஒரு சாவியை (உலோக விசையை) அழுத்தும், மற்ற விரல்களுக்கு வேலை இல்லை. அதற்கு மேலே உள்ள 'பி'க்குப் போகும்போது இரண்டு கை விரல்களும் எல்லாத் துளைகளையும் ஒரே சமயத்தில் மூட வேண்டும், கட்டைவிரல் பின்பக்கச் சாவியையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஒரு துளையில் கொஞ்சம் காற்று கசிந்தாலும் கீச்சென்று கத்தும். முதல் நிலைப் பாடல்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டாமலே எழுதப்பட்டிருக்கும். அதனால் அடுத்த பாட்டாக, மெதுவான மெட்டில் படிப்படியாக இந்த இடத்தைக் கடக்கும் ஒன்றைத் தேடுவேன். வேகமாகக் கடக்கும் பாட்டு அதற்கும் பிறகுதான். இந்த நடுப்படியை விட்டுவிட்டால் பிள்ளை விரல்களை நம்பாது, சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பின்வரிசையில் இப்படி எத்தனை பேர் என்று கவனித்துப் பாருங்கள்.

ட்ரம்பெட்டுக்கு வேறு கவலை. உதட்டுத் தசைதான் அங்கே மூலதனம், பல்லில் கம்பி போட்டிருக்கும் வயது வேறு. உச்சத்தில் முடியும் இரண்டு பாடல்களை அடுத்தடுத்து வைத்தால் இரண்டாவதில் சுரம் கீழே சரியும். அப்போது அவர்களைத் திட்டிப் பயனில்லை, நாம் போட்ட வரிசைதான் தவறு. ஒத்திகையிலும் அப்படித்தான். மெதுவான நீள்சுரங்களில் தொடங்கி, மனம் தெளிவாக இருக்கும்போதே கடினமான பகுதியை எடுத்து, எல்லோருக்கும் நன்றாக வரும் ஒன்றில் முடிப்பது நல்லது.

தெரிந்த மெட்டுக்குத் தனிப் பயன் உண்டு. 'முன்னேறு வாலிபா' தேசிய நாள் காலத்தில் இந்த ஊர்ப் பிள்ளைகள் கேட்டு வளரும் பாட்டு. அதை எளிய அமைப்பில் கொடுத்தால் தவறான சுரத்தை நான் சொல்வதற்கு முன்பே அவர்கள் காது கண்டுபிடித்துவிடும். தமிழ் தெரியாத பிள்ளையும் அந்த மெட்டை முணுமுணுத்தபடி வாசிக்கும்.

சீனியர்களுக்கு ஆங்கில இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் 1909-இல் ராணுவ பேண்டுக்காக எழுதிய முதல் தொகுப்பை ஒருமுறையாவது வாசிக்கக் கொடுக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். முதல் பகுதியின் மெட்டைத் தொடங்குவது டியூபாவும் யூஃபோனியமும். வருடம் முழுக்க அடித்தளச் சுரத்தையே ஊதிக்கொண்டிருக்கும் அந்தப் பிள்ளைகள், முழு பேண்டும் தங்களுக்காகக் காத்திருப்பதை அங்கே உணர்கிறார்கள். பிறகு அதே எட்டு பார் மெட்டு வாத்தியம் மாறி மாறிப் போகும்போது, அடுத்தவர் வாசிப்பதைக் கேட்காமல் இருக்க முடியாது.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சிங்கப்பூர் இளையர் விழாவில் மேடையேற வேண்டும். அதற்கு ஒரு கட்டாயப் பாட்டு, ஒரு விருப்பப் பாட்டு. பல பள்ளிகளில் அந்த இரண்டையே மாதக்கணக்கில் தேய்க்கிறார்கள். சான்றிதழில் டிஸ்டிங்ஷன் என்ற உயர்ந்த தகுதி வரலாம். ஆனால் அந்தப் பிள்ளை முன்னால் புதுத் தாள் ஒன்றை வையுங்கள், எட்டு பார் படிக்கத் திணறும். விருப்பப் பாட்டை பேண்டின் சக்திக்கு ஒரு படி கீழே எடுங்கள் என்று பள்ளிகளிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மிச்சமாகும் நேரத்தில் வாரம் ஒரு எளிய பாட்டைப் பார்த்தவுடன் வாசிக்கலாம். அதை மெருகேற்ற வேண்டாம், மேடையேற்ற வேண்டாம்.

பெற்றோரும் இதில் உதவலாம். "என்ன பரிசு?" என்பதோடு, "இந்த வருஷம் எத்தனை பாட்டு வாசிச்சே, அதுல உனக்கு மெட்டு எதுல வந்துச்சு?" என்றும் கேளுங்கள். பதில் ஒன்றிரண்டைத் தாண்டவில்லை என்றால், பேண்டுக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் அடுத்த அரையாண்டின் பாடல் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.