இருட்டில் அடித்தால் எத்தனை சதவீதம்?

"கும்மிருட்டில் இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவில்லை. ஆனாலும் பட்டப்பகலில் மோதுவது போலவே அடி விழுகிறதே, எப்படி?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பகடை உருட்டிக் கற்பனை வீரர்களாக ஆடும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை ஆடுபவர் போலிருக்கிறது. அவர் விதியைச் சரியாகத்தான் படித்திருக்கிறார்.

அடிப்படை தெரிந்ததுதான்: இருபது பக்கப் பகடையை உருட்டி, திறமைக்கான புள்ளிகளைக் கூட்டி, எதிராளியின் தற்காப்பு எண்ணை எட்டினால் அடி பட்டது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில், எதிராளியைப் பார்க்க முடியாதவர் அடிக்கும்போது 'டிஸ்அட்வான்டேஜ்'. அதாவது இரண்டு முறை உருட்டிச் சின்ன எண்ணை எடுக்க வேண்டும். அவரை அடிப்பவருக்கு 'அட்வான்டேஜ்', இரண்டில் பெரியது.

எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த இடம்தான். சின்ன எண்ணே தேற வேண்டுமென்றால் இரண்டு உருட்டலும் தேறியாக வேண்டும். ஆக, வெற்றி வாய்ப்பு வர்க்கமாகிவிடுகிறது. 11 வந்தால் போதும் என்பவருக்கு 50 சதவீதம் 25 ஆகும். 6 போதும் என்கிற தேர்ந்த வீரருக்கு 75 சதவீதம் 56.25 ஆகும். 16 தேவைப்படும் கத்துக்குட்டிக்கோ 25 சதவீதம் ஒரேயடியாக 6.25க்கு விழும். தேர்ந்தவர் இழப்பது கால்வாசி, கத்துக்குட்டி இழப்பது முக்கால்வாசி! பழகிய கை இருட்டிலும் சமாளிக்கும் என்பதற்குத் தனி விதி தேவைப்படவில்லை, பெருக்கலே அதைப் பார்த்துக்கொள்கிறது. 20 விழும் வாய்ப்பும் இருபதில் ஒன்றிலிருந்து நானூறில் ஒன்றாகிவிடும். பகடையை ஊதி உருட்டுகிறவர்களுக்கும் அதே நானூறுதான். ஊதினால் ராசி வரும் என்று நம்புகிறவர்கள் ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கலாம்.

பழைய 3.5 பதிப்பில் இந்த நயம் கிடையாது. எதிராளி முழுதாக மறைந்திருந்தால், பட்ட அடியிலும் பாதி வீண். எல்லோருக்கும் ஒரே வெட்டு.

சரி, கேள்விக்கு வருவோம். எனக்கு அவர் தெரியவில்லை, அதனால் டிஸ்அட்வான்டேஜ். அவருக்கு நான் தெரியவில்லை, அதனால் அட்வான்டேஜ். இரண்டும் அடிபட்டுப்போய் ஒரே உருட்டல் மிஞ்சுகிறது. ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் பத்து இருந்தாலும் இதே கதைதான். கூத்து இங்கேதான் ஆரம்பம். நீள வில்லால் 150 அடிக்கு மேல் எய்தால் தூரத்துக்காக டிஸ்அட்வான்டேஜ் உண்டு. நடுவில் அடர்த்தியான மூடுபனி இறங்கியதும் எதிராளிக்கும் வில்லாளி தெரியாது, அட்வான்டேஜ் வந்து எல்லாவற்றையும் துடைத்துவிடும். பனி வந்ததால் குறி தேறுகிறது! ஆட்டம் வேகமாகப் போக வேண்டும் என்பதற்காகக் கொடுத்த விலை இது. என்னைக் கேட்டால் கொஞ்சம் அதிக விலைதான்.

இதே வகை விளையாட்டான பாத்ஃபைண்டரின் 2019இல் வந்த இரண்டாம் பதிப்பு இதைப் பிரித்துக் கையாள்கிறது. ஆட்டப் பலகையில் ஆள் இருக்கும் கட்டம் தெரிந்து உருவம் மட்டும் தெரியாவிட்டால், திறமைப் புள்ளி எதுவும் சேராத தனிப் பகடையில் 11ஐ எட்டினால்தான் அடிக்கவே முடியும். பாதிக்குப் பாதி, பழைய வெட்டுதான். கட்டமும் தெரியாவிட்டால் நீங்கள் ஒரு கட்டத்தை ஊகித்துச் சொல்ல வேண்டும், பகடையைக் கேம் மாஸ்டர், அதாவது ஆட்டத்தை நடத்துபவர், மறைவாக உருட்டுவார். தவறினால் "படவில்லை" என்பார். குறி பிசகியதா, அந்தக் கட்டத்தில் ஆளே இல்லையா என்று சொல்லமாட்டார்.